மாளிகையைக் கூறு போடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், இங்கிலாந்தின் பழைய பிரபு மாளிகை ஒன்றை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றியிருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பார்க்க அழகாக இருந்தது. அதே நாள் மாவட்டப் பக்கத்தின் மூலையில், கீழக்கரையில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடி வரப்போவதாக நாலு வரிச் செய்தி. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு, "அது வெள்ளைக்காரன் ஊர், கல் கட்டடம், காசும் இருக்கு. இங்கே இடிக்கிறதைத் தவிர வேற என்ன வழி" என்றுதான் தோன்றியிருக்கும். எங்கள் தெரு டீக்கடையில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். இடம் போதாவிட்டால் என்னைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள், வீட்டைப் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் அரசுத் துறை ஒன்றில் வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டடத்தை வடிவமைத்தவன் இல்லை. இருக்கிற கட்டடத்தை அளந்து, தாளில் கொண்டுவருவதுதான் என் வேலை. பள்ளிக்கூடம், பயணியர் மாளிகை, பழைய தாலுகா கச்சேரி என்று இந்த மாவட்டத்தில் நாடா பிடித்து அளக்காத அரசுக் கட்டடம் எனக்குக் குறைவு. அதனால் ஒரு வீட்டின் படத்தைப் பார்த்தால் முகப்பு எவ்வளவு அழகு என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் படும். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது, படிக்கட்டு எங்கே, தண்ணீர் எங்கே இறங்குகிறது, இதைத்தான் கண் முதலில் தேடும். உங்கள் படத்தில் அது எதுவும் இல்லை. மாளிகையை எப்படிக் கூறு போட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

என் மகள் குடும்பம் இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் ஸ்வாலோஃபீல்ட் பார்க் என்று ஒரு மாளிகை உண்டு. இன்றைக்கு அதுவும் அடுக்ககம்தான். அங்கே போனபோது தேவாலயப் பக்கம் நடந்து போய் வெளியிலிருந்து பார்த்தேன். பிறர் குடியிருக்கும் இடம், உள்ளே எட்டிப் பார்க்கும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் அந்த வீட்டின் கதையைத் தேடிப் படித்தபோது, இது நமக்கு அவ்வளவு அந்நியமான வீடு இல்லை என்று தெரிந்தது.

வில்லியம் டால்மன் என்ற கட்டடக் கலைஞர் 1689 முதல் 1691 வரை, கிளாரண்டன் பிரபுவுக்காகக் கட்டிய வீடு அது. 1719-இல் அதை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். நம் சென்னைக் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த அதே பிட்தான். கவர்னராக இருந்தபோது ஜாம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் 48,000 வராகன் கொடுத்து 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை வாங்கினார். லண்டனில் பட்டை தீட்டி, 140 காரட்டாக்கி, 1717-இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். கல் இன்று பாரிஸ் லூவ்ரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விற்ற காசு நிலமாகவும் வீடாகவும் மாறியது. அந்தச் சொத்துகளில் ஒன்றுதான் ஸ்வாலோஃபீல்ட். 1726-இல் அவர் கண்ணை மூடியதும் அங்கேதான். நூறு வருடம் கழித்து, 1820-இல், அதை வாங்கியவரும் இந்தியாவிலிருந்து திரும்பிய ஆள்தான்: வங்காளத்தில் தலைமை நீதிபதியாக இருந்த சர் ஹென்றி ரசல்.

பிட் சென்னையில் வைரம் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் ராமநாதபுரத்தில் ஆட்சி செய்தவர் கிழவன் சேதுபதி. போகலூரிலிருந்து தலைநகரை மாற்றி, கோட்டையும் ராமலிங்க விலாசம் அரண்மனையும் எழுப்பியவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆக, "அது ரொம்பப் பழசு, நம்மது அப்படியில்லை" என்று யாரும் சொல்ல வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே வயசுதான். இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சரி, கட்டடத்துக்கு வருவோம்.

டால்மன் கட்டியது செங்கல் வீடு. 1820-இல் ரசல் குடும்பம் வாங்கியதும் வில்லியம் அட்கின்சன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து மாற்றிக் கட்டி, வெளிச்சுவரெல்லாம் காரை பூசினார்கள். ஒரு வீடு முன்னூறு வருடமாக அப்படியே நின்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லா வீட்டையும் எல்லாத் தலைமுறையும் நோண்டித்தான் இருக்கிறது. அது தப்பும் இல்லை. எதை நோண்டலாம், எதை நோண்டக் கூடாது என்று தெரிந்து செய்தார்களா என்பதே கேள்வி.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு இங்கிலாந்தில் என்ன கேடு வந்தது என்று பார்த்தால் நம் கதை போலவே இருக்கிறது. நில வருமானம் விழுந்தது. வேலையாட்கள் கிடைக்கவில்லை. 1894-இல் வந்த மரணச் சொத்து வரி ஏறிக்கொண்டே போய், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிகப் பெரிய சொத்துகளுக்கு 80 சதவீதத்தைத் தொட்டது. போர்க்காலத்தில் ராணுவம் எடுத்துக்கொண்ட வீடுகள் ஓட்டை உடைசலாகத் திரும்பி வந்தன. வாரிசுகள் இடித்துத் தள்ளினார்கள். கல், மரம், ஈயத்தகடு என்று பிரித்து விற்றார்கள். 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இடிபட்ட மாளிகைகளின் படங்களைக் கண்காட்சியாக வைத்து, இல்லாமல் போன வீடுகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டே இருந்தார்களாம். ஆயிரத்துக்கு மேல். அதற்குப் பிறகுதான் அங்கேயே பலருக்கு உறைத்தது. வெள்ளைக்காரனுக்குப் பிறவியிலேயே பழமை மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். அவனும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர் மாதிரி கதவு, தூண், மாடக்குழி என்று விலை போட்டு விற்றவன்தான்.

அந்தச் சமயத்தில் மாளிகைகளை வீடுகளாகப் பிரித்துக் காப்பாற்ற முனைந்தவர்களில் ஒருவர் கிட் மார்ட்டின் என்ற கட்டடக் கலைஞர். டிங்லி ஹால், கன்டன் ஹால், பர்லி ஆன் தி ஹில் என்று கைவிடப்பட்ட பல மாளிகைகளைக் குடியிருப்பாக்கினார். இதில் கன்டன் ஹாலின் பெரும்பகுதி 1882-இல் தீப்பிடித்து, வெறும் கூடாக நின்ற வீடு. அவர் வழி என்னவென்றால், முடிந்தவரை வீட்டை மாடி மாடியாகக் குறுக்கே அறுப்பதில்லை. மேலிருந்து கீழாக நெட்டுக்குப் பிரிப்பது. ஒவ்வொரு பங்குக்கும் தரையில் ஒரு வாசல், தனக்கென்று ஒரு படி, தலைக்கு மேல் தன் கூரை. பெரிய கூடங்களை உடைப்பதில்லை. தோட்டத்தைப் பங்கு போடுவதில்லை.

ஏன் இது முக்கியம் என்று ஒரு வரைவாளனாகச் சொல்கிறேன். அந்த மாளிகைகளில் கீழ்த்தள அறைகள் ரொம்ப உயரம். சன்னல்களும் அதற்கேற்ற நீளம். லாபக் கணக்கு மட்டும் பார்ப்பவன் என்ன செய்வான்? இவ்வளவு உயரம் எதற்கு என்று நடுவில் ஒரு தளம் போட்டு, ஒரு அறையை இரண்டாக்குவான். அந்தப் புதுத் தளம் சன்னலின் நடுவில் வந்து இடிக்கும். கீழே இருப்பவனுக்குச் சன்னலின் அடிப்பாகம், மேலே இருப்பவனுக்குத் தரையோடு ஒட்டிய தலைப்பாகம். சுவரும் விட்டமும் சேரும் இடத்தில் ஓடும் சுதை வேலைப்பாட்டைப் புதுத் தடுப்புச் சுவர் குறுக்கே வெட்டி நிற்கும். வெளியே முகப்பு அப்படியே இருக்கும், படம் எடுத்தால் அழகாகத் தெரியும், உள்ளே ஒரு அறைகூட அறையாக இருக்காது. அந்த மாளிகைகளில் இன்னொரு வசதி உண்டு. எஜமானர் ஏறும் பெரிய படி ஒன்று, வேலைக்காரர்கள் ஏறும் சின்னப் படிகள் பக்கத்துக்கு ஒன்று. இந்தச் சின்னப் படிகள்தான் பிரிக்கும்போது கை கொடுக்கின்றன. வீடு எங்கே பிரியச் சம்மதிக்கிறதோ அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு படி நிற்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இப்போது எங்கள் லாத்தாவின், அதாவது என் அக்காவின், வீட்டுக்கு வாருங்கள். உங்கள் செய்தியில் வந்த வீடு இல்லை இது. ஆனால் இதையும் இடித்து அடுக்ககம் கட்டக் கேட்கிறார்கள்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்கு என்பது வழக்கம். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர், நாலு பெண்களை மனதில் வைத்து 1920-களில் கட்டிய வீடு இது. தெருவில் திண்ணை, முன்கட்டு, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி, கிணறு, பின்பக்கச் சந்தில் இறங்கும் வாசல். பெண்மக்கள் தெருவுக்கே வராமல் பக்கத்து வீட்டுக்குப் போக, பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு வேறு. முன்கட்டிலிருந்து ஒரு மச்சுப்படி, பின்கட்டிலிருந்து இன்னொன்று. நாலு பெண்ணுக்கும் ஆளுக்கு ஓர் அறை, மேலே ஒரு மெத்தை (மாடியை இங்கே அப்படித்தான் சொல்வோம்). அடுப்படி மட்டும் ஒன்றே. யோசித்துப் பார்த்தால் நாங்கள் அடுக்ககத்தில்தான் பிறந்து வளர்ந்திருக்கிறோம். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சுவர் முழுக்கக் கடல்பாறைக் கல். அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி வெட்டி எடுத்து வள்ளத்தில் கொண்டுவந்த பவளப்பாறை. தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்து நிற்கிற தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவரில் ஓட்டை ஓட்டையாகப் பூப்போல இருக்குமே, அதே கல். சிப்பி சுட்ட சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி சேர்த்து அரைத்த காரை. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: பர்மாத் தேக்கு உத்திரம், அதன்மேல் சட்டம், சட்டத்தின்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதற்கு மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு.

இந்த வீடு "ஆபத்தான கட்டடம்" என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் பெயர் வேண்டாம். அடுக்ககம் கட்ட வந்திருப்பவர் அழைத்து வந்த ஆள் அவர். முன்கட்டில் காரை உதிர்ந்திருப்பதைக் காட்டி, "சுவர் செத்துப்போச்சும்மா" என்று லாத்தாவிடம் சொல்லியிருக்கிறார். லாத்தா எனக்குப் போன் போட்டு, "தம்பி, சுவர் செத்துப்போச்சாமே, நீ வந்து பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் பூச்சு. இருபது முப்பது வருடத்துக்கு முன், ஓதம் ஏறுகிறது என்று யாரோ சொல்லப் பூசியது. சிமெண்ட் நன்றாகத்தான் நிற்கிறது. அதற்கு மேலே, நெஞ்சு உயரத்தில், காரை வட்டம் வட்டமாகக் கொப்பளித்து, விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. பிறகு சிமெண்டை ஒரு சாண் அகலத்துக்கு உளியால் பெயர்த்தோம். சிமெண்டுக்குப் பின்னால் கல்லின் முகம் ஈரமாக, தேங்காய்த் துருவல் போல அள்ளிக்கொண்டு வந்தது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் சுவர் குடித்த ஈரம் அங்கேயே வெளியே வந்து காய்ந்திருக்கும். சிமெண்ட் மூடிவிட்டதால் ஈரம் உள்ளேயே ஏறி, மூடி முடிந்த இடத்தில் உப்போடு வெளியே வந்திருக்கிறது. சிமெண்ட் படாத பின்கட்டுச் சுவரில் சாவிக்கொத்தால் கீறினால் கோடுதான் விழுகிறது, பொடி விழவில்லை. அந்தச் சுவர் சாகவில்லை. மூச்சை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

உத்திரங்களையும் பார்த்தேன். சுவருக்குள் புதையும் நுனிதான் முதலில் போகும் என்பதால் ஒவ்வொரு நுனியிலும் ஆணியை வைத்து அழுத்தினேன். ஒன்றைத் தவிர எல்லாம் ஆணியைத் திருப்பித் தள்ளின. இற்றுப்போன அந்த ஒன்று எங்கே இருந்தது தெரியுமா? 1980-களில் மெத்தையில் கட்டிய கழிப்பறைக்கு நேர் கீழே. மரத் தளத்தின் மேல் தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோன கைங்கரியம்.

இதற்கு மாற்றாக வரப்போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தரைத்தளம் கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி, லிப்ட். "கம்பி போட்ட காங்கிரீட், நூறு வருசம் நிக்கும்மா" என்று சொல்கிறார்களாம். கீழக்கரைக் கடற்கரைத் தெருக்களில் நடந்து பாருங்கள். இருபது வருடம்கூட ஆகாத கட்டடங்களில் பால்கனி அடியில் காங்கிரீட் வெடித்து, கம்பி துருவேறித் தொங்குகிறது. உப்புக்காற்று, சரியாகக் கழுவாத மணல், மேல்பூச்சுக் கனம் போதாமை, இந்த மூன்றும் சேர்ந்தால் கம்பிக்கு ஆயுள் கிடையாது. லாத்தா வீட்டுச் சுவரில் கம்பியே இல்லை, துருப்பிடிக்க. காங்கிரீட்டை நான் குறை சொல்லவில்லை, என் பணிக்காலம் முழுக்க அதைத்தான் வரைந்தேன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அதைக் கட்டுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும், அந்த ஒழுங்கை மலிவு விலைக்குக் கட்டித் தருகிறவர் கடைப்பிடிப்பதில்லை என்கிறேன். இன்னொன்று, கடற்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் வந்து நிற்கும். இடித்துப் போட்ட பிறகு அனுமதிக்கு அலைவது யார்?

நான் போட்டிருக்கும் வரைபடம் இதுதான். வீட்டை நெட்டுக்கு நாலாகப் பிரிக்கலாம். முன்கட்டில் இரண்டு, பின்கட்டில் இரண்டு. முன்கட்டு இரண்டுக்கும் வாசல் திண்ணைப் பக்கம். பின்கட்டில் ஒன்றுக்குச் சந்து வாசல், இன்னொன்றுக்கு அந்தப் பக்கச்சுவர்ச் சின்னக் கதவு. கட்டுக்கு ஒரு மச்சுப்படி ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் இரண்டு மரப்படி போதும், அதையும் தாழ்வார மூலையில் வைத்தால் ஒரு உத்திரத்தையும் அறுக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டு, மேலே இரண்டு அறை. முற்றத்தையும் தாழ்வாரத்தையும் யாரும் தடுக்கக் கூடாது. வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான் எல்லா அறைக்கும் போகிறது. முற்றத்தில் பங்கு பிரித்துச் சுவர் வைத்தால் நாலு வீடும் பகலிலேயே விளக்குப் போட வேண்டியதுதான்.

கழிப்பறை, அடுப்படிதான் பெரிய தலைவலி. இங்கிலாந்து மாளிகைகளிலும் இதுதான் தலைவலி, பழைய மரத் தளத்தின்மேல் தண்ணீர் கொண்டுபோவது எங்கேயும் வம்பு. என் தீர்வு: பழைய தளத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்க் குழாயும் ஏறக் கூடாது. பழைய அடுப்படி இருக்கும் பின்பக்கத்திலும், மேற்குப் பக்க வெற்றிடத்திலும், பழைய சுவரிலிருந்து தள்ளி, தனி அஸ்திவாரத்தில் இரண்டு சிறு கோபுரம் மாதிரி எழுப்பி, குளியலறை கழிப்பறை சமையலறை எல்லாவற்றையும் அதில் அடுக்கிவிடுவது. வீட்டோடு ஒரு சின்ன நடைபாதையால் மட்டும் சேரும். அது என்றைக்காவது கெட்டால் அதை மட்டும் இடித்துக் கட்டிக்கொள்ளலாம். வீட்டுக்குக் காயம் படாது. அவை காங்கிரீட்டாகவே இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை.

இதில் அடுக்ககக்காரருக்கு லாபம் கம்மி என்பது உண்மை. புது அடுக்ககத்தில் கிடைப்பது போல வெளியாருக்கு விற்க எட்டு வீடு மிஞ்சாது. ஆனால் வீட்டில் பங்கு உள்ளவர்கள் பலரும் துபாயிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், வருடத்தில் சில வாரம் வந்து தங்க ஊரில் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது. அதற்கு எதற்கு லிப்ட்?

உண்மையான சிக்கல் சுவரில் இல்லை, பணத்தில் இருக்கிறது. இதிலும் இங்கிலாந்தில் ஒரு பாடம் இருக்கிறது, உங்கள் கட்டுரை அதைத் தொடவில்லை. 1955-இல் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னாளில் நாட்டுப்புற மாளிகைகள் சங்கம் என்ற பொருளில் பெயர் மாற்றிக்கொண்டது. ஓய்வு பெற்றவர்களை உறுப்பினராக்கி, மாளிகைகளை வாங்கி, ஆளுக்கு ஒரு அறைத்தொகுதி, சாப்பாட்டுக் கூடமும் தோட்டமும் பொது என்று நடத்தினார்கள். 1960-களில் ஸ்வாலோஃபீல்டும் அவர்கள் கைக்குத்தான் வந்தது. பல பத்தாண்டுகள் ஓடிய அந்தச் சங்கம் 2003-இல் நொடித்துப்போனது. மாளிகைகளை விற்க வேண்டியதாயிற்று, வயதானவர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. பழைய வீட்டின் பராமரிப்புச் செலவை நல்லெண்ணம் தாங்காது. அதன் பிறகு ஸ்வாலோஃபீல்ட் ஒரு நிறுவனத்தால் மறுபடி செப்பனிடப்பட்டு, தனித்தனி வீடுகளாக விற்கப்பட்டது. அங்கே இப்படிப்பட்ட வீடுகளைப் பெரும்பாலும் 125 வருடம், 999 வருடம் என்று நீண்ட குத்தகைக்குத்தான் எழுதுவார்கள். கூரை யார் பொறுப்பு, வெளிப்பூச்சு யார் பொறுப்பு, வருடத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் குத்தகைப் பத்திரத்திலேயே இருக்கும். கட்டாமல் மழுப்ப முடியாது.

நம் பக்கம் எப்படி? லாத்தா வீட்டில் மெத்தைத் தளம் ஒழுகினால் "மேல இருக்கிறவ பாத்துக்கட்டும்" என்பார் கீழே இருப்பவர். "வெயிலும் மழையும் எல்லாருக்கும்தானே" என்பார் மேலே இருப்பவர். இடையில் உத்திரம் நனைந்துகொண்டிருக்கும். அதனால் யாருக்கு எந்த அறை என்று பேசுவதற்கு முன்னால், கூரைக்கு யார் எவ்வளவு தருவது என்று எழுதிப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். வருடா வருடம் ஐப்பசிக்கு முன் தட்டோடு பார்த்து விரிசல் அடைக்க, மூன்று வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க, ஒரு பொதுக் கணக்கு வங்கியில் இருக்க வேண்டும். நெட்டுக்குப் பிரித்தால் இன்னொரு லாபமும் உண்டு. அவரவர் தலைக்கு மேல் அவரவர் கூரை என்பதால் சண்டை பாதியாகக் குறையும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 1947 சட்டத்துக்குப் பிறகு பழைய கட்டடங்களைப் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் உள்ளே ஒரு சுவரை உடைப்பதற்கும் அனுமதி வேண்டும், மீறினால் குற்ற வழக்கு. தமிழ்நாட்டிலும் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று 2012-இல் ஆணையச் சட்டம் நிறைவேறியது. ராமலிங்க விலாசம் போன்றவற்றைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் தெருக்களில் நிற்கிற வியாபாரிகளின் வீடுகளை யார் பார்த்துக்கொள்வது? எல்லாவற்றையும் அப்படியே உறைய வைக்கச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மேல் பட்டியல் ஒன்றைச் சுமத்தி, செலவுக்கு ஒரு காசும் தராமல் போனால் அவர் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரைச் சாய்த்துவிடுவார்.

நகராட்சியிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். முதலாவது, இடிக்க விண்ணப்பம் வந்தால், அனுமதி தரும் முன் அந்த வீட்டை அளந்து ஒரு வரைபடம் கோப்பில் வைக்க வேண்டும். இரண்டாவது, இடித்த கல்லை வீணாக்கக் கூடாது. பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஒரு துண்டுகூடப் புதிதாகக் கடலிலிருந்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. அப்படியானால் லாத்தா வீட்டு முன்கட்டில் கெட்டுப்போன கற்களை மாற்ற எங்கே போவது? இடிக்கிற இன்னொரு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். இப்போது அந்தக் கல்லையெல்லாம் டிராக்டரில் அள்ளி, பள்ளம் நிரப்பக் கொட்டுகிறார்கள். தேக்குக்கு மட்டும் காரைக்குடியிலிருந்து ஆள் வந்து கண்ணும் கருத்துமாக எண்ணி ஏற்றிக்கொண்டு போகிறார். நகராட்சிக்குச் சொந்தமான ஏதாவது ஒரு காலி இடத்தில் கல்லை அடுக்கி வைத்து, பழுதுபார்ப்பவர்களுக்கு விலைக்குக் கொடுத்தால் போதும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் கிடைப்பதில்லை என்று சொல்வார்கள். கிடைக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் இப்போது செட்டிநாட்டு ஓட்டல்களில் வேலை பார்க்கிறார்கள், நம் ஊரில் கூப்பிட ஆள் இல்லாததால். லாத்தா வீட்டில் அந்த ஒரு சாண் இடத்தைப் பெயர்த்தபோது கூட வந்த பெரியவர், கருப்பட்டி பதம் பற்றி மதியம் வரை பேசிக்கொண்டிருந்தார்.

லாத்தா வீட்டுப் பங்காளிகள் எல்லாரும் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறார்கள். அன்று மாலை பேச்சு. என் வரைபடத்தையும், அடுக்ககக்காரர் கொடுத்திருக்கும் வண்ணப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அவர்கள் இடிக்கத்தான் வேண்டும் என்றால் நான் குறுக்கே விழப்போவதில்லை. அது அவர்கள் சொத்து. உங்கள் நான்கு வரிச் செய்தியில் வந்த அந்த வீட்டுக்காரர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இதைப் படித்தால், இடிக்க ஆள் விடுவதற்கு முன் எனக்கு ஒரு நாள் கொடுக்கச் சொல்லுங்கள். நாடாவும் தாளும் நானே கொண்டுவருவேன், கூலி வேண்டாம். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரைதொழில் அலுவலர்,
கீழக்கரை.